ஓல்டு கோர்ஸுக்கு ஒரு நோட்டு: செயின்ட் ஆண்ட்ரூஸ் டைரி

வெள்ளி

ஸ்காட்லாந்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. எடின்பரோல ஏறி லூகர்ஸ்ல இறங்கி அங்கேர்ந்து பஸ் புடிச்சு வந்தோம். 1969 வரைக்கும் ஊருக்குள்ளயே ரயில் வந்துட்டு இருந்துச்சு, கோல்ஃப் மைதானத்தை ஒட்டியே தண்டவாளம் போகும். ரயில் போயிடுச்சு, ஆனா அதோட தடம் இன்னும் ஓல்டு கோர்ஸ்ங்கிற இந்த ஊர் கோல்ஃப் மைதானத்துல 16-வது, 17-வது ஹோல்ல ஆடுறவங்களைப் படுத்திட்டுதான் இருக்கு, அதை அந்த இடம் வரும்போது சொல்றேன்.

நானும் அத்தானும் (அக்கா வீட்டுக்காரர், எனக்கு கோல்ஃப் கத்துக்குடுத்ததே அவர்தான்) வந்திருக்கிறது ஓல்டு கோர்ஸ் ஆடுறதுக்கு. ஆடுறதுக்கு முன்னாடி முழு கோர்ஸையும் நடந்து பாத்து என் கையால ஒரு நோட்டு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. தினமும் ராத்திரி இங்க எழுதுறேன், ஜூன் மாசம்ங்கிறதால பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு, தூக்கமும் வர மாட்டேங்குது.

சாயங்காலம் கடையில யார்டேஜ் புக் ஒண்ணு வாங்கினேன். ஒவ்வொரு ஹோலுக்கும் படம், பங்கர் (மணல் குழி) எத்தனை யார்டு, கிரீன் (குழியும் கொடியும் இருக்கிற வழவழப்பான புல்தரை) முன்பக்கம் பின்பக்கம் எத்தனை, எல்லாம் அச்சுல இருக்கு. அத்தான் அதைப் புரட்டிட்டு "இதுலயே எல்லாம் இருக்கே மாப்ள, நீ தனியா என்னத்த எழுதப் போற"ன்னாரு. நியாயமான கேள்விதான். கையில தூரம் அளக்குற லேசர் வேற இருக்கு, போன்ல ஜிபிஎஸ் வேற இருக்கு, தூரம்ங்கிறது இன்னைக்கு யாருக்கும் ரகசியம் இல்ல.

ஒரு காலத்துல அதுவே பெரிய ரகசியமா இருந்துச்சு. பழைய ஆட்டக்காரங்க எல்லாம் கண்ணால பாத்து கிளப் (அடிக்கிற மட்டை) எடுத்தவங்கதான். 1961ல பெபிள் பீச்ல அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்தப்ப, டீன் பீமன் சொன்ன யோசனைய கேட்டு ஜாக் நிக்லாஸ் கோர்ஸை காலால அளந்து, ஒரு மரத்துலேர்ந்து கிரீன் எவ்ளோ, ஒரு பங்கர் முனையிலேர்ந்து எவ்ளோன்னு எழுதி வச்சுக்கிட்டு ஆடினார். அந்த சாம்பியன்ஷிப்பை அவர்தான் ஜெயிச்சார். அதுக்கப்புறம் இது பரவி, கேடிங்க (ஆட்டக்காரரோட பையைத் தூக்கிட்டு கூட வர்றவங்க) சக்கரம் உருட்டி அளந்து, அச்சுப் புத்தகம் வந்து, இப்ப லேசர் வரைக்கும் வந்தாச்சு.

அதனால தூரத்தை எழுதுறதுக்கு நான் நோட்டு போடல. அந்தப் புத்தகத்துல இல்லாத ஒண்ணு இருக்கு: என் பந்து தப்பாப் போனா எங்க போனா பரவால்ல, எங்க போகவே கூடாது. என் டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற கிளப்) எவ்ளோ போகும், எந்தப் பக்கம் வளையும், எனக்கு எந்த ஷாட் கைவராதுன்னு அச்சடிச்சவருக்குத் தெரியாது. இதைத்தான் எழுதணும். அத்தான்கிட்ட சொன்னேன், "சரி எழுது, எனக்கும் ஒரு காப்பி போடு"ன்னுட்டு தூங்கப் போயிட்டாரு.

சனி

இன்னைக்கு கோர்ஸ்க்குள்ள போகல, போகவும் முடியாது, ஆட்டம் நடந்துட்டு இருக்கு. அதனால காலையில வெஸ்ட் சாண்ட்ஸ் பீச்சுக்குப் போய் முதல் வேலையா என் காலடிய அளந்தேன். ஈர மணல்ல ஒரு குச்சிய நட்டு, லேசர்ல சரியா 100 யார்டு தள்ளி நின்னு, அங்கேர்ந்து சாதாரணமா நடந்தேன். வேணும்னே எட்டி எட்டி வச்சா ஒரு காலடி ஒரு யார்டு வரும், ஆனா அப்படி யாரும் ஒரு நாள் முழுக்க நடக்க முடியாது, மேடு பள்ளத்துல சுத்தமா மாறிடும். இயல்பா நடந்தா நூறு யார்டுக்கு எத்தனை காலடி விழுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை நோட்டோட முதல் பக்கத்துல எழுதிக்கணும், அப்புறம் எந்த எண்ணையும் அதை வச்சு மாத்திக்கலாம். கிரீனைச் சுத்தி சின்ன தூரங்களுக்கு லேசரை விட இதுதான் வேகம்.

பென்சில்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். இங்க மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது, பேனா மை கரைஞ்சா போச்சு. நோட்டு சைஸும் பாத்துதான் வாங்கினேன். 2019லேர்ந்து கிரீன் வரைபடத்துக்கு ரூல் இருக்கு, புத்தகம் 7 இன்ச்சுக்கு 4.25 இன்ச்சுக்கு மேல போகக் கூடாது, வரைபடம் 5 யார்டுக்கு 3/8 இன்ச்ங்கிற ஸ்கேலை விட பெருசா இருக்கக் கூடாது. கிரீனோட சரிவை ஆட்டக்காரன் தன் கண்ணால படிக்கணும், புத்தகத்தைப் பாத்துப் படிக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். எனக்கு அந்த ரூல் ரொம்பப் புடிக்கும். அதே 2019லதான் தூரம் அளக்குற கருவிய பொதுவா அனுமதிச்சாங்க, ஆனா மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ற வசதிய ஆட்டத்துல பயன்படுத்தக் கூடாது, அணைச்சு வைக்கணும். தூரத்தை மெஷின் சொல்லட்டும், முடிவை நீ எடுன்னு சொல்ற மாதிரி.

மத்தியானம் முழுக்க 17-வது, 18-வது ஹோல் ஓரமா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு மத்தவங்க ஆடுறதைப் பாத்தோம். நோட்டு போடுறவங்களுக்கு இதை விட நல்ல வேலை இல்ல. நல்லா ஆடுறவங்களை விட சுமாரா ஆடுறவங்களைத்தான் கவனமாப் பாக்கணும், ஏன்னா அவங்க பந்து எங்க போய் நிக்குதோ அங்கதான் நம்ம பந்தும் நிக்கும். 18-வது கிரீனுக்கு முன்னாடி இடதுபக்கம் ஒரு பள்ளம் இருக்கு, அதுக்குப் பேரே பாவப் பள்ளத்தாக்கு. வந்த குரூப்ல எல்லாம் ஒருத்தராவது அதுல மாட்டினாங்க. கிரீன்ல கொடிக்கு நேரா விழுற மாதிரி அழகா வர்ற பந்து, ரெண்டு யார்டு கம்மியா விழுந்தா போதும், மெதுவாத் திரும்பி உருண்டு பள்ளத்துக்கு வந்துடும். 1995 ஓப்பன்ல (பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி) கோஸ்டன்டினோ ரோக்கா கடைசி ஹோல்ல இந்தப் பள்ளத்துலேர்ந்து பட் (தரையோட உருட்டுற அடி) பண்ணி உள்ள போட்டு ஜான் டேலிய பிளேஆஃபுக்கு (சமநிலையை உடைக்கிற கூடுதல் ஆட்டம்) இழுத்தார், அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்திருந்தாலும் நேர்ல நின்னு பாக்கும்போதுதான் அது எவ்ளோ ஏத்தம்னு புரியுது. நோட்டுல எழுதினது: "18, கொடி எங்க இருந்தாலும் இன்னும் ஒரு கிளப் தூரம் கூட. பின்னாடி நின்னா பரவால்ல."

சாயங்காலம் ரூம்ல அலிஸ்டர் மெக்கன்சி வரைஞ்ச மேப்போட ஒரு பிரதிய விரிச்சு வச்சு உக்காந்தேன். 1924ல முடிச்ச மேப். பின்னாடி அகஸ்டா நேஷனலை பாபி ஜோன்ஸோட சேந்து வடிவமைச்ச அதே மெக்கன்சிதான். ஒவ்வொரு பங்கரையும் ஒவ்வொரு மேட்டையும் அளந்து வரைஞ்சிருக்காரு. அவர் நினைச்சிருந்தா வேற எந்த கோர்ஸையும் வரைஞ்சிருக்கலாம், ஆனா புது கோர்ஸ் கட்டுறவர் பழைய கோர்ஸை இவ்ளோ பொறுமையா உக்காந்து படிச்சிருக்காருன்னா அதுல பாடம் இருக்கு. 14-வது ஹோல்ல ஒரே டீயிலேர்ந்து (முதல் அடி அடிக்கிற இடம்) பல வழியில கிரீனுக்குப் போகலாம்னு அவர் காட்டினதை இன்னைக்கும் கோர்ஸ் வடிவமைக்கிறவங்க பேசுறாங்க. காத்து எப்படி அடிக்குதோ, நம்ம பலம் என்னவோ, அதுக்கேத்த வழி. என் நோட்டும் அப்படித்தான் இருக்கணும்னு தோணிச்சு.

நாளைக்கு ஞாயிறு. ஓல்டு கோர்ஸ்ல ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. ஓப்பன் மாதிரி பெரிய போட்டி நாளைத் தவிர மத்த ஞாயிறெல்லாம் அது ஊர்க்காரங்களோட பூங்கா. குழந்தைங்க ஓடும், நாய்ங்க ஓடும், யார் வேணா நடக்கலாம். உலகத்துல இவ்ளோ புகழ்பெத்த வேற எந்த கோர்ஸ்லயும் காசு குடுக்காம நுழைஞ்சு முழுசா நடந்து நோட்டு போட முடியும்னு எனக்குத் தோணல. இந்த ட்ரிப்பை சனி ஞாயிறு வர்ற மாதிரி போட்டதே இதுக்காகத்தான்.

ஞாயிறு

காலையில ஆறு மணிக்கே போயிட்டோம். அத்தான் முதல் டீயை நோக்கி நடந்தாரு, நான் கைய புடிச்சு 18-வது கிரீனுக்குக் கூட்டிட்டுப் போனேன். "வாங்க அத்தான், கடைசிலேர்ந்து ஆரம்பிப்போம்."

இதுதான் நான் இந்தத் தொடர்ல சொல்ல வந்த முக்கியமான விஷயம். நோட்டு போடணும்னா கோர்ஸை தலைகீழா நடக்கணும். கிரீன்ல ஆரம்பிச்சு டீயில முடிக்கணும். டீயில நின்னு பாத்தா கோர்ஸ் நமக்குக் காட்ட நினைக்கிறது மட்டும்தான் தெரியும். கிரீன்ல நின்னு திரும்பிப் பாத்தாதான், இந்தக் கொடிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா பந்து நிக்கும், அப்ப ரெண்டாவது ஷாட்டை எங்கேர்ந்து அடிக்கணும், அப்ப டிரைவை (டீயிலேர்ந்து அடிக்கிற முதல் ஷாட்) எங்க போடணும்னு ஒண்ணொண்ணா அவுந்து வரும்.

ஓல்டு கோர்ஸ்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு காலத்துல இந்த கோர்ஸை எதிர்த் திசையிலதான் ஆடினாங்க, முதல் டீயிலேர்ந்து 17-வது கிரீனுக்கு. அப்புறம் ரெண்டு திசையும் மாத்தி மாத்தி ஆடி, கடைசியில இப்ப ஆடுற திசை நிலைச்சிடுச்சு. பங்கர்ங்க மட்டும் அப்படியே இருக்கு. அதனால இப்ப டீயில நிக்குறவன் கண்ணுக்குத் தெரியாம மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற பங்கர் எல்லாம், எதிர்ப்பக்கத்துலேர்ந்து நடந்து வர்றவனுக்கு வாயைத் திறந்துக்கிட்டு தெரியும். 112 பங்கர் இருக்குன்னு சொல்வாங்க. 12-வது ஹோல்ல இதை நேர்லயே பாத்தோம். டீயிலேர்ந்து பாத்தா சும்மா வெறும் புல்வெளி, கண்ணை மூடிட்டு அடின்னு கூப்புடும். கிரீன்லேர்ந்து திரும்பி நடந்து வந்தா ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல இருக்கிற வெட்டின புல்பாதை) நடுவுலயே வரிசையா பங்கர். அத்தான் ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு டீ இருக்கிற திசையைப் பாத்து தலையை ஆட்டினாரு. ஒவ்வொண்ணுக்கும் டீலேர்ந்து தூரம் எடுத்தேன், ரெண்டு பங்கருக்கு நடுவுல எனக்குப் பந்து நிக்கிற இடம் ஒண்ணு கிடைச்சுது, அதுக்கு எந்தக் கிளப்னு எழுதிட்டேன். டிரைவர் இல்ல.

17-வதுக்கு வரேன். அங்க மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னோம். கிரீன் மெல்லிசா குறுக்கால கிடக்கு, முன்னாடி இடதுபக்கம் ரோட் ஹோல் பங்கர், பின்னாடி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லுச் சுவர். ரோட்டுல பந்து நின்னா எடுத்து வைக்க முடியாது, அங்கேர்ந்தே ஆடணும். பங்கர் பெருசு இல்ல, ஆனா சுத்தி இருக்கிற தரை எல்லாம் அதை நோக்கிச் சரியுது, அதனால பங்கரோட உண்மையான சைஸு கண்ணுக்குத் தெரியுறதை விட பல மடங்கு. நான் ஒரு பழைய பந்தை எடுத்து கிரீனுக்கு வெளிய ஓரமா கையால உருட்டிப் பாத்தேன், எங்கேர்ந்து விட்டா பங்கர் இழுக்குதுன்னு. அந்த எல்லையை நோட்டுல கோடு போட்டு வச்சிருக்கேன். 1978 ஓப்பன்ல டாமி நகஜிமா ரெண்டே ஷாட்ல கிரீனுக்கு வந்துட்டு, பட் அடிச்சு அந்தப் பந்து உருண்டு பங்கருக்குள்ள விழுந்து, வெளிய எடுக்க நாலு அடி ஆகி 9 போட்டார். பட்டர்ல (பந்தை உருட்டுற கிளப்) அடிச்ச பந்து பங்கருக்குள்ள! ஆனா 2022ல கேமரன் ஸ்மித் பங்கருக்கு முன்னாடி மாட்டிக்கிட்டப்ப, மேல தூக்கி அடிக்காம பட்டரை எடுத்து பங்கரைச் சுத்தி வளைச்சு உருட்டி, பார் (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்து, ஓப்பனையும் ஜெயிச்சார். இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா என்ன எழுதணும்னு தானா வருது: "17, ரெண்டாவது ஷாட் கிரீனுக்கு வலது முன்னாடி நிறுத்து. அங்கேர்ந்து பட்டர். 5 போட்டா சந்தோஷம்."

அந்த ஹோலோட டீக்குப் போனா முன்னாடி ஷெட் மாதிரி கட்டடம், அதுல ஹோட்டல் பேரு பெரிய எழுத்துல. முன்ன சொன்னேன்ல ரயில்வே, அந்தக் காலத்து ரயில்வே ஷெட் வடிவம்தான் இது. டிரைவை அதுக்கு மேல அடிக்கணும், ஃபேர்வே கண்ணுக்கே தெரியாது. எந்த எழுத்துக்கு மேல அடிக்கிறதுன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்வாங்க. நான் ஃபேர்வேல நான் நிக்க வேண்டிய இடத்துல ஒரு குடையை நட்டுட்டு டீக்கு வந்து, லேசர்ல தூரம் பாத்து, எந்த எழுத்து நேரா வருதுன்னு பாத்துட்டுப் போனேன். கண்ணு மறைச்ச ஷாட்டுக்கெல்லாம் இப்படி ஒரு அடையாளம் எழுதி வச்சாகணும், ஆட்டத்தன்னைக்கு அதை நம்பி அடிக்கணும், வேற வழி இல்ல. ஓப்பனுக்கு இந்த ஹோல் 495 யார்டு, பார் 4. நமக்கு அவ்ளோ பின்னாடி டீ இல்ல, அது ஒரு ஆறுதல்.

16-ல பழைய தண்டவாளத் தடம் வலதுபக்கம் வேலியா நிக்குது, வேலிக்கு அந்தப் பக்கம் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (ஆட்ட எல்லைக்கு வெளிய). ஃபேர்வே நடுவுல பிரின்சிபல்ஸ் நோஸ்னு மூணு பங்கர் கூட்டமா. வேலிக்கும் மூக்குக்கும் நடுவுல சந்து இருக்கு, போகாதே. இடதுபக்கம். ஒரே வரி போதும்.

14-வது ஹோல்ல ஹெல் பங்கர். கிட்டத்தட்ட 10 அடி ஆழம், கிரீனுக்கு நூறு யார்டு முன்னாடி ஃபேர்வே குறுக்கால உக்காந்திருக்கு. 1995ல நிக்லாஸே இதுல மாட்டி அந்த ஹோல்ல 10 போட்டார். அவருக்கே அந்த கதின்னா நாம தாண்டி அடிக்கிறதைப் பத்தியே யோசிக்கக் கூடாதுன்னு அத்தான் சொன்னாரு, நான் அதுக்கு ஒத்துக்கல, பின்காத்து இருந்தா என் மூணு வுட்டுக்குத் தாண்டும், எதிர்க்காத்துன்னா இடதுபக்கம் 5-வது ஃபேர்வேக்கு விலகிப் போயிடணும். ரெண்டையும் எழுதினேன். ஒரே ஹோலுக்கு ரெண்டு பிளான் எழுதினது இங்கயும் 11-லயும்தான்.

11-வது பார் 3. பின்னாடி ஈடன் ஆறு கடல்ல சேர்ற கழிமுகம், அங்கேர்ந்து காத்து சும்மா விளாசுது. இடதுபக்கம் ஹில் பங்கர், வலதுபக்கம் முன்னாடி ஸ்ட்ராத் பங்கர், கிரீன் பின்னாடிலேர்ந்து முன்னாடி செம சரிவு. 1921ல 19 வயசு பாபி ஜோன்ஸ் ஹில் பங்கர்ல மாட்டி வெறுத்துப் போய் அந்த ஹோலை முடிக்காமலே பந்தை எடுத்துட்டார். 1927ல இதே கோர்ஸுக்குத் திரும்பி வந்து ஓப்பன் ஜெயிச்சார், இன்னைக்கு 10-வது ஹோலுக்கே அவர் பேருதான். கிரீனுக்குப் பின்னாடி போனா அங்கேர்ந்து கீழ நோக்கி வர்ற பட் நிக்கவே நிக்காது. அதனால கொடியைப் பாக்காம கிரீன் முன்பாதி நடுவுல, அதுக்குக் கூட எட்டாம முன்னாடியே நின்னா கூட நல்லது.

அங்கேர்ந்து வெளிய போற பாதி ஹோல்களை வேகமா முடிச்சோம், மழைத் தூறல் வேற. பொதுவா ஒண்ணு புரிஞ்சுது. இந்த கோர்ஸ்ல டீயிலேர்ந்து இடதுபக்கம் அடிச்சா எப்பவும் இடம் இருக்கு, ஆனா அங்கேர்ந்து கிரீனுக்குப் போற வழியில பங்கர் குறுக்க நிக்கும். வலதுபக்கம் ஆபத்து, ஆனா வழி திறந்திருக்கும். எந்த ஹோல்ல எந்த ஆபத்தை வாங்கிக்கிறதுங்கிறதுதான் முழு நோட்டும்.

கிரீன்ங்களைப் பத்தி ஒண்ணு. மொத்தம் 18 ஹோலுக்கு 11 கிரீன்தான். 1, 9, 17, 18 தவிர மத்ததெல்லாம் ரெண்டு ஹோலுக்கு ஒரு கிரீன், ரெண்டு நம்பரையும் கூட்டினா 18 வரும்: 2-ம் 16-ம், 5-ம் 13-ம் இப்படி. ஒரே கிரீன்ல ரெண்டு கொடி இருக்கிறதால போறதுக்கு வெள்ளைக் கொடி, வர்றதுக்கு சிவப்புக் கொடி, 18-வது மட்டும் வெள்ளை, பின்னாடி சிவப்புக் கட்டடம் இருக்கிறதால. 5-13 கிரீன் ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்கு நூறு யார்டு கிட்ட வரும், முன்னாடி கொடிக்கும் பின்னாடி கொடிக்கும் பல கிளப் வித்தியாசம். அதனால ஒவ்வொரு கிரீனுக்கும் முன் ஓரம், பின் ஓரம் ரெண்டு தூரமும் எழுதணும், நடு தூரத்தை மட்டும் எழுதினா இங்க அதுக்கு அர்த்தமே இல்ல.

நடுவுல மதியம் ரெண்டு மணிக்கு முன்னாடியே பேலட்டுக்குப் பேர் குடுத்துட்டோம், ரெண்டு நாள் கழிச்சு ஆடுறதுக்கு. இந்த நிலம் ஊருக்குச் சொந்தம், யார் வேணா குலுக்கல்ல பேர் போடலாம், ஹேண்டிகேப் சர்டிஃபிகேட் (ஆட்டத் தரத்தைக் காட்டுற சான்று) இருந்தா போதும். சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில எங்களுக்கு இடம் கிடைச்சிடுச்சு! அத்தான் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் தம்பி கோர்ஸை பின்னாலேர்ந்து நடக்க வச்சு காலை ஒடிச்சுட்டான், ஆனா இடம் கிடைச்சிடுச்சு"ன்னு சத்தம் போட்டுச் சொல்றாரு.

திங்கள்

இன்னைக்கு வேலை எழுதுறது இல்ல, வெட்டுறது. நேத்து எழுதினது பக்கம் பக்கமா இருக்கு. மைதானத்துல நின்னு அதைப் படிச்சுட்டு இருந்தா பின்னாடி வர்றவங்க கோவப்படுவாங்க, நம்ம மண்டையும் குழம்பும். ஒரு ஹோலுக்கு மூணு விஷயம் மட்டும் வச்சுக்கிட்டேன்: டீயில எதை நோக்கி எந்தக் கிளப், எங்க போகவே கூடாது, கிரீன்ல எந்தப் பக்கம் தப்பினா பரவால்ல. மத்த எண்ணெல்லாம் அச்சுப் புத்தகத்துலயும் லேசர்லயும் இருக்கவே இருக்கு.

முதல் ஹோலுக்கு எழுதினதைச் சொல்றேன். முதலும் 18-ம் ஒரே ஃபேர்வே, 129 யார்டு அகலம், கோல்ஃப்லயே இதை விட அகலமான ஃபேர்வே கிடையாதுன்னு சொல்வாங்க. அதனால டிரைவுக்கு பயமே வேண்டாம், வலதுபக்கம் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் மட்டும் ஜாக்கிரதை. ஆனா கிரீனுக்கு ஒட்டி முன்னாடியே ஸ்வில்கன் ஓடை. ஓடைக்கு எவ்ளோங்கிறதை விட, ஓடையைத் தாண்டி அஞ்சு யார்டு பத்திரமா விழ எவ்ளோங்கிறதைத்தான் எழுதினேன். கொடி முன்னாடி இருந்தா அதை மறந்துடு, நடுவுக்கு அடி.

மத்தியானம் கோர்ஸ் ஓரமா பெஞ்சுல உக்காந்திருந்தப்ப, ரவுண்டு முடிச்சு வந்த ஒரு கேடி பக்கத்துல உக்காந்தாரு. வயசானவர். நோட்டைக் காட்டலாமான்னு கேட்டேன், கை நீட்டி வாங்கி நிதானமா ஒவ்வொரு பக்கமா பாத்தாரு. தூரத்தையெல்லாம் அவர் பாக்கவே இல்ல. 13-ல மட்டும் நின்னு, காஃபின்ஸ் பங்கருக்கு இடதுபக்கம்னு நான் எழுதியிருந்ததை விரலால காட்டி, 6-வது ஃபேர்வே வரைக்கும் போனாலும் தப்பு இல்ல, அங்க புல் நல்லா இருக்கும்னாரு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு, இதுல காத்து எங்கன்னு. இங்க காத்து கடல் அலையோட சேந்து மாறும்னு ஊர்க்காரங்க சொல்றது வழக்கம். போகும்போது எதிர்க்காத்துல போய், திரும்பும்போதும் எதிர்க்காத்துல வர்றது நடக்கும்னு அவரும் சொன்னாரு. நாளைக்கு அலை எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னு பாத்து நோட்டு மேல எழுதிக்கச் சொன்னாரு. எத்தனையோ கோர்ஸுக்கு நோட்டு போட்டிருக்கேன், அலை நேரம் எழுதினது இதுதான் முதல் தடவை.

தரையைப் பத்தியும் ஒண்ணு சொன்னாரு. அடியில மணல், மேல மெல்லிசான புல், மழை பெஞ்சாலும் சீக்கிரம் வடிஞ்சு கெட்டியாயிடும். பந்து விழுந்த இடத்துல நிக்காது. அதனால கொடிக்கு 150ன்னா 150 அடிக்கிற கிளப்பை எடுக்கக் கூடாது, 130-ல விழுந்து உருளணும். நேத்து ராத்திரி எழுதின கிளப்பையெல்லாம் உக்காந்து மறுபடி பாத்தேன். இப்ப ரெண்டு எண் இருக்கு, ஒண்ணு விழ வேண்டிய இடம், இன்னொண்ணு நிக்க வேண்டிய இடம்.

அத்தானுக்கு ஒரு காப்பி எழுதினேன். அவருக்கு பந்து இடமிருந்து வலமா வளையும், எனக்கு நேர் எதிர். அதனால அதே ஹோலுக்கு அவர் குறி வேற, தப்ப வேண்டிய பக்கமும் சில இடத்துல வேற. ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டு வேற கோர்ஸ் மாதிரி இருக்கு.

செவ்வாய்

ஆடிட்டோம்.

முதல் டீயில கை நடுங்கும்னு எல்லாரும் சொல்வாங்க, பின்னாடி 1854ல கட்டின ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப்) கிளப்ஹவுஸ் நின்னு பாத்துட்டு இருக்கும்போது நடுங்காம என்ன செய்யும். ஆனா நோட்டைத் திறந்தா ஒரே வரிதான், இடதுபக்கம், எவ்ளோ இடதுபக்கம் வேணா. அடிச்சேன். ஃபேர்வே.

போற பாதி முழுக்க எதிர்க்காத்து. 5-வதுல ஸ்பெக்டக்கிள்ஸ் பங்கர் ரெண்டையும் தாண்டணும்னு ஆசை வந்துச்சு, அத்தான் என் நோட்டை என் பையிலேர்ந்து எடுத்து எனக்கே படிச்சுக் காட்டினாரு: "எதிர்க்காத்துல முன்னாடியே நிறுத்து." நிறுத்தினேன், அங்கேர்ந்து வெட்ஜ், ரெண்டு பட், பார்.

11-ல காத்து ஏறிடுச்சு. எழுதி வச்சிருந்த ரெண்டாவது பிளான், கிரீனுக்கு முன்னாடி ஸ்ட்ராத்துக்கு இடதுபக்கம் நிறுத்தி அங்கேர்ந்து பட்டர். எங்களோட சேந்து ஆடின ரெண்டு பேர் கொடியைக் குறி வச்சாங்க, ஒருத்தர் ஸ்ட்ராத்துக்குள்ள, இன்னொருத்தர் பின்னாடி. எனக்கு 4, ஒரு போகி (பாரை விட ஒண்ணு கூட). இந்த 4-ஐ நான் ஒரு பேர்டிக்குக் (பாரை விட ஒண்ணு கம்மி) குடுக்க மாட்டேன், ஏன்னா அது நினைச்சு, எழுதி, அதே மாதிரி ஆடி எடுத்த 4.

12-ல டிரைவர் எடுக்கல. டீயிலேர்ந்து அந்தப் பங்கர் ஒண்ணு கூடத் தெரியல, ஆனா ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். 2000 ஓப்பன்ல டைகர் உட்ஸ் நாலு ரவுண்டுலயும் ஒரு பங்கர்ல கூட விழாம 19 அண்டர்ல (பாரை விட 19 கம்மி), எட்டு ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சார். இந்த பங்கர்ங்களுக்கு நடுவுல நடந்த பிறகுதான் அந்தச் சாதனை மண்டையில ஏறுது. நானும் அத்தானும் இன்னைக்கு நாலஞ்சு பங்கர் பாத்தோம், ஆனா ஹெல், ரோட் ஹோல், ஸ்ட்ராத் மூணும் எங்களைப் பாக்கல.

17-ல குடை வச்சுப் பாத்த எழுத்துக்கு மேலதான் அடிச்சேன். பந்து எங்க போச்சுன்னு தெரியாம அந்த ஷெட்டைச் சுத்தி நடந்து போறது ஒரு தனி அனுபவம். நடு ஃபேர்வேல இருந்துச்சு! அங்கேர்ந்து கிரீனுக்கு வலது முன்னாடி, பட்டர்ல ஏத்தி, ரெண்டு பட், 5. அத்தானுக்கு 4. அவர் நோட்டு என் நோட்டை விட நல்லா இருந்திருக்கு போல, எழுதினது நான்தான் என்கிறதால ரொம்ப சந்தோஷம்.

ராத்திரி உக்காந்து நோட்டுல மாத்தினது இது: 2-வதுல கிரீன் இடதுபக்கச் சரிவு நான் எழுதினதை விடப் பெருசு. 7-வதுல ஷெல் பங்கருக்கு இடதுபக்கம் அடிக்கலாம், ஆனா 11-வது ஆடுறவங்க அதே இடத்தைக் குறுக்க கடப்பாங்க, நின்னு பாத்துட்டு அடி. 9-வதுல நடு ஃபேர்வே பங்கரைத் தாண்ட எதிர்க்காத்துல முடியாது. 13-ல அந்த கேடி சொன்னது சரி, புல் அருமையா இருக்கு. 18-ல ஒரு கிளப் கூட எடுத்ததும் சரி, ஆனா பின்னாடி நின்னா கீழ்நோக்கிப் போற பட்டுக்கு பாதி வேகம் போதும்.

அடுத்து இங்கேர்ந்து போறவங்க யாருக்காவது இந்த நோட்டு வேணும்னா கேளுங்க, படம் எடுத்து அனுப்புறேன். ஆனா குறி எல்லாம் என் பந்து வலமிருந்து இடமா வளையுறதுக்கு எழுதினது, அதை மட்டும் உங்க பந்துக்கு மாத்திக்கங்க, ஞாயித்துக்கிழமை வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க.